குடைக்காரர் கேட்ட கேள்விகள்

"சீனி போட்டுக் குடிக்கானா, போடாமக் குடிக்கானான்னு கேட்டாரு தம்பி."

டீக்கடை சுடலைக்கண்ணு அண்ணாச்சி இதைச் சொன்னதும் ஜெர்சனுக்கு வாயிலிருந்த பன் இறங்கவில்லை.

"யாரு அண்ணாச்சி?"

"தெரியலயே. வெள்ளச் சட்ட, கறுப்புக் கொட. போன்ல ஒன் படத்தக் காட்டி, இவன் இங்கன வாரானான்னாரு. கிளாஸப் புடிக்கும்போது கை நடுங்குமான்னும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு சீனி, நடுக்கம் கிடையாதுன்னு உள்ளதச் சொன்னேன்."

அண்ணாச்சி உள்ளதைச் சொன்னதுதான் ஜெர்சனுக்கு உதைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜெண்ட் அலுவலகத்தில் கப்பல் காகிதங்களை நிரப்பியே முப்பத்திரண்டு வயதை எட்டிவிட்டவன் அவன். இணையப் பாதுகாப்பு வேலைக்குப் போயே தீருவது என்று ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தான். ஊரறியக் கிடக்கிற தகவல்களைப் பொறுக்கிக் கோர்த்தே ஓர் ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை அது. சர்ட்டிபிகேட் வந்தால் சென்னையில் வேலை. அந்த வேலை வந்த பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று சாத்தான்குளத்திலிருக்கும் அம்மா ஜீவமணி டீச்சரிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தான்.

இப்போது நடப்பது கடைசிப் பரீட்சை. ஒவ்வொரு மாணவனையும் முகம் தெரியாத இன்னொரு மாணவன் வேட்டையாடுவான். பத்து நாளைக்குள் உன் வீட்டு விலாசத்தை அவன் கண்டுபிடித்துவிட்டால் நீ பெயில். அவ்வளவுதான், சென்னையும் போச்சு, எல்லாம் போச்சு.

ஜெர்சன் உடனே பயிற்சியாளர் ஷீஜா மேடத்துக்குப் போன் போட்டான்.

"மேடம், என்னைத் தேடுற ஆளு டீக்கடை வரைக்கும் வந்துட்டான்."

"இருக்காதே. நம்ம பரீட்சை ஸ்கிரீன்லதான். தெருவுல இறங்கி விசாரிச்சா அன்னைக்கே வெளிய அனுப்பிருவோம்." மேடம் குரலைத் தாழ்த்தினார். "ஜெர்சன், நடந்து வர்ற ஆளு நம்ம ஆளு இல்ல. ஜாக்கிரதையா இருங்க."

மத்தியான வெயிலில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்த ரோட்டில் நின்றபடி ஜெர்சன் இதைக் கேட்டான். நேரே டீக்கடைக்குத் திரும்பினான்.

"அண்ணாச்சி, இனிமே யாரு கேட்டாலும் அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லிருங்க."

மறுநாள் அண்ணாச்சியின் முகம் சரியில்லை.

"சொன்னேன் தம்பி. 'அப்போ நேத்து யாருக்குவே ரெண்டு சீனி போட்டீரு?'ன்னு கேட்டாரு. சிரிக்கவே இல்ல. என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு."

அன்று சாயங்காலம் அலுவலக வாட்ச்மேன் விக்டர் அவனை ஓரமாக இழுத்தார்.

"சார், கொட வச்சிருந்த ஒரு மனுசன் வந்தாரு. நீங்க மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குமான்னு கேட்டாரு. நடக்கும்போது காலு எந்தப் பக்கமாச்சும் சாயுமான்னாரு."

ஆளை நடையை வைத்தே அடையாளம் காணும் முறை ஒன்றை ஆறாம் பாடத்தில் படித்திருந்தான் ஜெர்சன். படிக்கும்போது அது சுவாரசியமாகத்தான் இருந்தது.

"விக்டரண்ணே, மறுபடி வந்தா நான் வேலைய விட்டுப் போயிட்டேன்னு சொல்லுங்க."

விக்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. "சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான்யா, நாங்களே தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று தன் கைச்சரக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். குடைக்காரர் ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெர்சன் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டு எடுத்தபோது பின்னால் ஒரு கனத்த குரல் கூடவே பாடியது. இரண்டாவது சரணத்தில் அவன் சும்மா நிறுத்திப் பார்த்தான். பின்னாலிருந்த குரலும் நின்றது. அவன் மறுபடி தொடங்கினான், அதுவும் தொடங்கியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆராதனை முடிந்து திரும்பியபோது பின் பெஞ்சில் யாரும் இல்லை. கை வைத்துப் பார்த்தான், பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால், கீழ் வீட்டுக்காரம்மா பிளாரன்ஸ் அக்கா கேட்டருகில் விளக்குமாறோடு நின்றாள்.

"தம்பி, கோவப்படாத. நான் இப்பந்தான் வாசலப் பெருக்க வந்தேன். நம்ம வாசல்ல ஒரு ஆளு நின்னு, ஒன் குப்பைப் பைய கொடக் கம்பியால கிண்டிக்கிட்டு நின்னாரு."

"குப்பையவா?"

"ஆமா. என்னவே தேடுதீருன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லம்மா, நல்ல குப்பைதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நல்ல குப்பை! குப்பையைக் கிளறி ரகசியம் எடுப்பது எட்டாம் பாடம். வந்திருப்பவன் சாதாரண ஆள் இல்லை, பாடத்திட்டத்தை முழுசாக முடித்தவன் என்று ஜெர்சனுக்கு உறுதியாகிவிட்டது. அவன் நிரப்பும் கப்பல் காகிதங்களுக்காகக் கடத்தல் கும்பல் எதுவும் அலைகிறதோ என்னவோ. அன்று அவன் சாப்பிடவே இல்லை.

உட்கார்ந்து தன்னை அழிக்க ஆரம்பித்தான். முகநூல் கணக்கு, பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம், கிரிக்கெட் டீம் பட்டியல், என்றைக்கோ ஒரு பிரியாணிக் கடைக்கு எழுதிய விமர்சனம் வரைக்கும் ஒன்றுவிடாமல் நீக்கினான். சிம்மை உடைத்துப் புது நம்பர் வாங்கினான். அதை ஷீஜா மேடத்துக்கு மட்டும் சொன்னான், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் இருபது குடும்ப குரூப்புகளுக்கும் தெரியும். ஒரு வாரம்தானே, பரீட்சை முடியட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

அப்படியும் புதன்கிழமை அண்ணாச்சி கை காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, நேத்தும் வந்துட்டாரு. போன் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லங்குது, ஆபீஸ்ல ஓடிட்டாங்காவ, நீரு ஆளே இல்லங்கீரு, எதுவே நெசம்னு மேசையத் தட்டுதாரு. உள்ளதச் சொல்லாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்னுட்டாரு. இன்னைக்குச் சாயங்காலமும் வருவாராம்."

ஜெர்சனுக்குப் பொறுமை போய்விட்டது. பயம் முற்றினால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

"செத்துட்டேன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"ஏலே, வாயில அடி!"

"செத்தவனைத் தேடி யாரும் வர மாட்டாங்க. எனக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை."

அண்ணாச்சி பாய்லரைப் பார்த்தபடி சரியென்று தலையை ஆட்டினார்.

பொய் வேலை செய்தது. வியாழன், வெள்ளி, சனி, குடையைக் காணோம். ஆனால் ஜெர்சனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. போன் அடிக்கவே இல்லை. தன் பெயரைத் தேடிப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சி டீயை அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு விரலை வேகமாக இழுத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தம்பி. விவரமா சொல்லிட்டேன்லா. கடல்ல குளிக்கப் போனான், அல இழுத்துட்டுப் போயிட்டுன்னு. சொல்லும்போது எனக்கே அழுக வந்துட்டு. அந்த மனுசன் கொடய மடக்கிட்டு அப்பிடியே பெஞ்சுல உக்காந்துட்டாரு. இப்பம் ஒன்னப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு."

ஜெர்சனுக்கும் தன்னைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. முகம் கழுவும்போது கண்ணாடியைத் தவிர்த்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷீஜா மேடத்தின் அழைப்பு வந்தது.

"ஜெர்சன், வாழ்த்துகள்! உங்களைத் தேடினவர் கையை விரிச்சுட்டார். விலாசத்தை விடுங்க, இப்படி ஒரு மனுஷன் பிறந்ததுக்கே ஆதாரம் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கார். எங்க வகுப்பில இது முதல் தடவை. சர்ட்டிபிகேட் அனுப்பியாச்சு. அடுத்த திங்கட்கிழமை சென்னையில இன்டர்வியூ."

ஜெர்சன் அறைக்குள் இரண்டு முறை குதித்தான். முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தபோது, தெருவில் வேன் ஒன்று நிற்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. கடைசியாக இறங்கியவர் கையில் கறுப்புக் குடை. இன்னொரு கையில் பெரிய மலர்வளையம். அதில் குத்தியிருந்த அட்டையில் கொட்டை எழுத்தில் 'ஜெர்சன்' என்று எழுதியிருந்தது. உலகத்திலேயே அவன் பெயர் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான்.

அவன் சட்டென்று ஜன்னலை விட்டு விலகினான். கீழே கேட் திறந்தது. யாரோ விசும்பினார்கள். கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. அப்புறம் மாடிப்படி அடியிலிருந்து பிளாரன்ஸ் அக்கா சத்தம் கொடுத்தாள்.

"ஜெர்சன் தம்பி, ஒங்க அம்மா ஒனக்குத் தெரியாம பயோடேட்டா குடுத்திருந்த நாசரேத்துப் பொண்ணு வீட்டுக்காரங்களாம், மாப்பிள்ள எப்படின்னு விசாரிக்க வந்த எடத்துல நீ செத்துட்டன்னு கேள்விப்பட்டு துட்டி கேக்க வந்திருக்காவ, பொண்ணுகூட அழுதுக்கிட்டு நிக்கி, கீழ வாரியா?"