படித்த எலி

அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. பன்னிரண்டு வோல்ட்டை மதிக்க மாட்டார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. அத்திப்பட்டுப் பக்கம், நிலக்கரித் தூசிக்கு நடுவில், லட்சக்கணக்கான வோல்ட்டோடு குடித்தனம் நடத்திய இன்ஜினியர் நான். கார் பேட்டரி என்றால் என் கண்ணுக்கு அது டார்ச் லைட்டின் பெரியப்பா பிள்ளை, அவ்வளவுதான்.

அந்தத் திமிரில் ஒரு புதுக் காரைக் கெடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. கெடுத்த பிறகு ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு நல்ல மனிதர், கார் இருந்தும், மீன் கூடையைத் தலையில் சுமந்து நடந்தார். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

என் மகள் வெண்ணிலா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பாதி வருடம் கடலில் இருப்பார். கார் நிறுத்த அவர்கள் சந்தில் இடம் இல்லாததால் அது காலடிப்பேட்டையில் எங்கள் வாசலில் நிற்கும். வெண்ணிலாவின் மாமனார், அதாவது என் சம்பந்தி தேசப்பன், சில நாள் விடியற்காலையில் வந்து காரை எடுத்துப்போய் ஏலத்தில் எடுத்த மீனை டிக்கியில் வைத்துக் கொண்டுவருவார்.

வெண்ணிலா பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மீன் வறுவல் வண்டி தொடங்கினாள். அடுப்பு, கல், ஐஸ் பெட்டி எல்லாம் வைத்த இரண்டு சக்கர வண்டி. திருவொற்றியூர் பட்டறை ஒன்றில் செய்தது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகலாம். முதல் வியாபாரம் வியாசர்பாடியில், கால்பந்து இறுதி ஆட்டத்தன்று. அன்றைக்கு ஒழுங்காக நடந்தால் சீசன் முழுக்க மைதான வாசலில் அவளுக்கே இடம் என்று போட்டி நடத்தும் குழுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம்.

பின்வண்டிக்கு விளக்கு வேண்டும். பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் காரோடு சேர்ந்து எரிய வேண்டும்.

“கம்பெனியிலயே இதுக்குன்னு தனி வயரிங் செட் இருக்காம்பா. அவங்களே மாட்டி, கார்கிட்ட சொல்லிடுவாங்களாம்.”

“கார்கிட்டயா? என்ன சொல்லுவாங்க?”

“பின்னாடி வண்டி இருக்குன்னு.”

சிரித்தேன். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை யாரும் படம் பிடிக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.) “அம்பாசடர் காலத்துல நாலு கம்பியை வெட்டி நாலு கம்பியோட முறுக்கினா முடிஞ்சது வேலை. நீ மசாலாவைப் பாரு, கரெண்ட்டை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பின்விளக்குக்குப் போகும் கம்பிகளில் ஒட்டுப் போட்டேன். பிரேக் எரிந்தது, இடது எரிந்தது. வலது மட்டும் ஒரு கணம் எரிந்து அணைந்தது. காரின் திரையில் ‘விளக்கைச் சோதிக்கவும்’ என்று எழுத்து வந்தது. “புதுக் கார் இல்லையா, கூச்சப்படுது” என்று மகளிடம் சொன்னேன்.

அடுத்த நாள் அவள் வெளியே போயிருந்த நேரம், வலது பக்கத்துக்கு வேறு கம்பி தேடி டிக்கியின் உள்மறைப்பைக் கழற்றினேன். அங்கே இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஓடின. யாரோ சோம்பேறி முறுக்கிவிட்டிருக்கிறான் என்று நினைத்து அவற்றைப் பிரித்து நீவிவிட்டேன். பிளேடால் தோலைச் சுரண்டினேன். என் டெஸ்ட் லாம்பை எடுத்தேன். ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு வயர். மீட்டர் பொய் சொன்னாலும் சொல்லும், டெஸ்ட் லாம்ப் சொல்லாது என்று கீழே வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் போதித்தவன் நான். வைத்தேன்.

பல்பு எரியவில்லை. மற்ற எல்லாம் எரிந்தது. டேஷ்போர்டில் எத்தனை விளக்கு உண்டோ அத்தனையும், வடிவுடையம்மன் கோயில் திருவிழாபோல. பயந்து கையை எடுத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கியதும் எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. கார் ஏற்கெனவே அணைத்துவிட்ட வலது இண்டிகேட்டரை நேராக பேட்டரியிலிருந்து ஒரு ரகசிய வழியில் எரியவைத்தேன். சுரண்டிய கம்பிகளுக்கு டேப் சுற்றினேன்.

டேப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மூன்று ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் வைப்பது எங்கள் துறை வழக்கம். எனக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. என் வீட்டில் தண்ணீர்க் குழாயிலிருந்து மூக்குக்கண்ணாடி உறை வரை அந்த மூன்று நிறமும் வரிசை தவறாமல் இருக்கும். இங்கேயும் ஒரு கம்பிக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், இரண்டையும் சேர்த்துக் கட்ட நீலம். மறைப்பை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு தெரிந்துகொண்டதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் சுவிட்சைப் போட்டால் கரெண்ட் நேரே பல்புக்குப் போகும். புதிய காரில் இண்டிகேட்டர் குச்சியைத் தட்டினால் போவது கரெண்ட் அல்ல, செய்தி. காரில் இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த முறுக்கிய இரண்டு கம்பிகளில்தான் பேசிக்கொள்கின்றன. காசிமேட்டு மீன் ஏலம் மாதிரி: எல்லாரும் ஒரே இடத்தில் கத்துவார்கள், எல்லார் காதிலும் விழும், அவரவர்க்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஒரே வித்தியாசம், இங்கே அவசரக்காரன் வாயைத் திறந்தால் மற்றவன் மரியாதையாக நிறுத்திவிடுவான். வெளி இரைச்சல் அண்டாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. அதைத்தான் நான் நீவிவிட்டேன். டெஸ்ட் லாம்பை வைத்ததும் ஏலக் கூட்டத்தின் வாயை மொத்தமாகப் பொத்தினேன்.

ஆட்டத்தன்று மதியம் கிளம்பினோம். வெண்ணிலா ஓட்டினாள், நான் பக்கத்தில், சம்பந்தி பின் சீட்டில். டிக்கியில் மசாலா தடவிய வஞ்சிரமும் சங்கராவும் அண்டா அண்டாவாக. ரிவர்ஸ் எடுத்தபோதே கார் பின்னால் ஏதோ இருக்கிறது என்று கூப்பாடு போட்டது. அதனிடம் யாரும் சொல்லவில்லையே.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது வெயிலில் என் டேப்பின் பசை இளகியிருக்க வேண்டும். மேலே அண்டாக்களின் அழுத்தம் வேறு. உரித்த கம்பிகளின் செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டன.

முதலில் வைப்பர் ஓடியது. சித்திரை வெயிலில், காய்ந்த கண்ணாடியில், கரக் கரக்கென்று. பிறகு ஹெட்லைட் தானாக எரிந்தது. ரேடியேட்டர் விசிறி விமானம்போல் இரைந்தது. ஸ்பீடாமீட்டர் முள் படுத்துக்கொண்டது. வெண்ணிலா பதறி ஓரம் கட்டி நிறுத்தினாள். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

பக்கத்தில் ஊர்ந்த லாரிக்காரர் தலையை நீட்டினார். “இன்னா பெர்சு, வானம் காஞ்சி கீது, வைப்பர் ஓட்டிக்கினு கீற? யாருக்கு டாட்டா காட்டுற?”

“பேசாம போய்யா, நீ வேற” என்றார் சம்பந்தி. “இன்னா சம்பந்தி, வண்டி இப்டி பேஜாரு பண்ணுது?”

வெண்ணிலா உதவி எண்ணைக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் கேட்டார்: “மேடம், உள்ள இருக்கிற வயரிங்ல யாராவது கை வெச்சீங்களா?”

மகள் என்னைப் பார்த்தாள். “அப்பா, லைட் கம்பி தவிர வேற எதையாவது தொட்டீங்களா?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே சொல்தான். அதற்குப் பதில் வேறொரு சொல் வாயில் வந்தது.

“எலி” என்றேன். “எலி கடிச்சிருக்கும்மா.”

சம்பந்தியின் முகம் சட்டென்று கறுத்துவிட்டது. “அய்யய்யோ! போன வாரம் சங்கரா கூடைய டிக்கில வச்சி எட்த்தாந்தேனே. தண்ணி ஒழுகிச்சி. அந்த வாசனைக்கு வந்துகீது சம்பந்தி. மருமவ மொத நாளு... என்னாலதான்!”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பழி தன்மேல் என்று நம்பிய மனிதர் சும்மா நிற்கவில்லை. போன் போட்டார். தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. பின்வண்டியைக் கயிற்றால் அதில் கட்டினார்கள், அண்டாக்களை மாற்றினார்கள். சம்பந்தி பின்வண்டியின் கடைசியில் ஏறி உட்கார்ந்து, முன்வண்டி நிற்கும்போதெல்லாம் பின்னால் வரும் லாரிகளுக்குத் தன் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டே வியாசர்பாடி வரை போனார். அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்த பிரேக் லைட் அது ஒன்றுதான்.

காரை எடுத்துப்போக வரும் சர்வீஸ் ஆட்களுக்காக நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்துவிட்டதாம். வாசலில் வேறொரு கடை நின்றிருந்தது. மைதானத்துக்குப் பின்னால், கோல் போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் கல்லைப் போட்டு மீனை விற்றுத் தீர்த்தாள் வெண்ணிலா. ஆனால் அந்த சீசனின் வாசல் இடம் போனது போனதுதான்.

மறுநாள் காலை சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு புது எலிப்பொறி; வைப்பதற்குக் கருவாடுகூடப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

“இனிமே அந்த வண்டில மீன் வைக்க மாட்டேன் சம்பந்தி. சத்தியமா.”

“பரவாயில்லை சம்பந்தி, மனசுல வெச்சுக்காதீங்க. காபி சாப்பிடுங்க” என்றேன்.

மன்னித்தேன், ஐயா. செய்தவன் நான், அவரை நான் மன்னித்தேன். பெருந்தன்மையாக, டிகிரி காபியோடு. அதன்பின், பழுது முடியும்வரை சர்வீஸ் சென்டர் கொடுத்த மாற்றுக் கார் எங்கள் வாசலில் நின்றும், அதைத் தொடாமல் அவர் கூடையைத் தலையில் வைத்துத் துறைமுகத்திலிருந்து நடந்தார். ஆட்டோக்காரர்கள் மீன் வாசனைக்கு ஏற்றுவதில்லை. ஒரு காலையில் எங்கள் தெரு முனையில் அவரைப் பார்த்தேன். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம். வெயில் என்பதால் நான் குடையும் கையுமாக. கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“சார், இது எலி இல்ல சார்.”

திரையில் டிக்கியின் உட்புறம். பிளேடால் அழகாகத் தோல் உரித்த இரண்டு கம்பிகள். ஒன்றில் சிவப்பு டேப். ஒன்றில் மஞ்சள். மேலே நீலம்.

வெண்ணிலா என் கையைப் பார்த்தாள். சம்பந்தியும் பார்த்தார்.

“சம்பந்தி, அந்தக் கொடைய கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தேன். அவர் குடையின் டேப் சுற்றிய கைப்பிடியைத் திரையின் ஓரமாகப் பிடித்தார். சிவப்பு, மஞ்சள், நீலம்.

“நான்தான்” என்றேன்.

அவர் குடையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். என் உயிர் போய்விட்டது.

“மன்னிச்சிடுங்க சம்பந்தி. உங்களை நடக்க வெச்சிட்டேன்.”

திரும்பினார். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். “நீங்க என்ன மன்னிச்சீங்களே சம்பந்தி! காபி குடுத்து மன்னிச்சீங்களே!” மூச்சு வாங்கியது அவருக்கு. “எனக்கு அன்னிக்கே டவுட்டு வந்துருக்கணும். நம்ம ஊரு எலி கருவாட்ட உட்டுட்டு காப்பரு துன்னுமா? துன்னுட்டு டேப்பு வேற சுத்துமா? படிச்ச எலிதான் அப்டி பண்ணும்!” பிறகு சிரிப்பு நின்றது. “கழுத்து வலி இன்னும் கீது சம்பந்தி. அத்தயும் சொல்லிட்றேன்.”

சொன்னது நியாயம். அந்தக் கழுத்து எனக்கு இன்றும் வலிக்கிறது.

இப்போது காரில் முறையான வயரிங் செட் இருக்கிறது. பின்னால் வண்டி உண்டு என்று காரிடம் சொல்லியும் ஆகிவிட்டது. அடுத்த சீசனில் வெண்ணிலாவுக்கு வாசல் இடமும் கிடைத்தது. கம்பி இணையும் இடத்துக்கு மேலே சம்பந்தி ஆள் வைத்து ஒரு படம் வரையச் செய்திருக்கிறார்: கண்ணாடி போட்ட எலி, கையில் குடை. வறுவல் வாங்க வரும் பிள்ளைகள் அது யார் என்று கேட்கும். வெண்ணிலா கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், “எங்கப்பா” என்பாள்.

வண்டி கிளம்பும் முன் விளக்குகளைச் சோதிப்பது மட்டும் என் வேலை. தொட அனுமதி இல்லை, பார்க்க மட்டும். நான் பின்னால் கைகட்டி நிற்பேன். சம்பந்தி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவார். தெருவே கேட்கும்படி அவர் குரல் வரும்:

“எலி! பிரேக்கு எரியுதா?”

“எரியுது சம்பந்தி” என்பேன்.