பன்னெண்டு மணியில உப்புமா, ஆறு மணியில சட்னி

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு உப்புமா கிண்டணும்.

கண்ணு நல்லாத் தெரிஞ்ச காலத்துல அடுக்களைக்குள்ள தண்ணிச் செம்பைத் தவிர எதையும் தொட்ட ஆளில்லை நான். பார்வை போன பிறகுதான் சமையல் கத்துக்கிட்டு இருக்கேன்.

சொல்லித் தர்ற டீச்சர் வீட்டுக்கே வர்றாங்க. உப்பு டப்பாவுல ரப்பர் பேண்டு, சீனி டப்பாவுல ஒண்ணும் கிடையாது. கடுகு வெடிக்கிறதைக் காதால கேக்கணும். தட்டைக் கடிகாரமா நினைச்சுக்கணும்: பன்னெண்டு மணியில உப்புமா, ஆறு மணியில சட்னி. வேலைக்குப் போன காலத்துல ஒருநாளும் மணி பார்க்காத மனுசன், இப்ப தட்டுல பார்க்கேன்.

நேத்து பரீட்சை. வச்சது என் வீட்டுக்காரி மாரியம்மா.

நாகலாபுரம் அவ பொறந்த ஊரு. அங்கன அம்மன் கோயில் கொடைத் திருவிழா. என்னைத் தனியா விட்டுட்டுப் போக பயந்துக்கிட்டு ரெண்டு வருசமா போகலை. இந்தத் தடவை, ஒரு வேளைச் சாப்பாட்டை நானே செஞ்சு காட்டினா மதிய பஸ்ஸுக்குக் கிளம்புறேன், இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டா. சட்னி மட்டும் அவ அரைச்சு வச்சது. மிக்ஸி எனக்கு அடுத்த மாசப் பாடம்.

அடுப்பைப் பத்தவச்சேன். உள்ளங்கையை மேல காட்டிச் சூடு பார்த்தேன். கடுகு வெடிச்சுது. அடுத்து மிளகா வத்தல். அதுக்கு வெடிக்கிற பழக்கம் இல்லையே, வறுபட்டது எப்படித் தெரியும்? மூக்குல தெரிஞ்சுது. தும்மித் தும்மி, நெடி போகட்டும்னு பின்கதவைத் தெறந்து விட்டேன். கதை இங்கனதான் கெட்டுது.

ஆனா உப்புமா நல்லா வந்துட்டு. தட்டுல மணி பார்த்து வச்சு, தட்டைத் தரையில வச்சு, அதுக்கு எதிர்க்க உக்காந்தேன்.

பின்வாசல்ல டக் டக்னு சத்தம். நான் தடுமாறுதேனான்னு பேசாம நின்னு பார்க்கிறது மாரிக்கு வழக்கம். புதுச் செருப்பு வேற வாங்கியிருந்தா. கழத்த மனசு வராம வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு வாரா போலன்னு நினைச்சேன்.

"ஏட்டி மாரி, வந்துட்டியா? உக்காந்து சாப்பிட்டுப் பாரு."

பதில் இல்லை. ஆனா சாப்பிடுற சத்தம் கேட்டுது. நல்ல பசி. எனக்குப் பெருமை தாங்கலை. ருசி எப்படின்னு கேட்டேன். மூச்சுதான் வந்துது.

சரி, நம்மளே பாராட்டிக்கிடுவோம்னு ஆரம்பிச்சேன். அவ உப்புமா மாதிரி இது கட்டி தட்டலைன்னேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாயைத் தெறக்காம நான் முழுங்கின கட்டிகளைப் பத்தி விலாவாரியா எடுத்து விட்டேன். அதுக்கும் கோவம் இல்லை. மென்னுக்கிட்டே இருந்தா.

இவ்வளவு பொறுமையான்னு எனக்கு மனசு இளகிட்டு.

"நீ கொடைக்குப் போயிட்டு வா மாரி. என்னால ரெண்டு வருசம் உங்க அம்மன் முகத்தை நீ பார்க்கலை. கண்ணு போனதுகூட எனக்குப் பழகிட்டு. இதுதான் பழகலை."

சொல்லிட்டு, கையை நீட்டி அவ தலையைத் தடவினேன்.

கொம்பு இருந்துச்சு.

வாசப் பக்கம் இருந்து மாரி குரல் கேட்டுது. "யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீய?"

பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடா. தட்டைத் தடவிப் பார்த்தேன். பன்னெண்டு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் சுத்தமா வழிச்சு வச்சிருந்துச்சு.

கொடை போச்சுன்னு தலையில கையை வச்சுட்டேன். நீ எவ்வளவு நேரமா நிக்கேன்னு மாரிகிட்ட கேட்டேன். கிடாவுக்கு நான் உபசாரம் பண்ணினதுல இருந்தே நிக்காளாம். அதை வெரட்டினா என் பேச்சு நின்னுபோகும்னு விட்டுட்டாளாம்.

அப்புறம் மூக்கை உறிஞ்சுற சத்தம். வத்தல் நெடியா, வேறயான்னு எனக்குத் தெரியலை. சட்டியில மிச்சம் இருந்ததை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, பையைத் தூக்கிட்டா.

"கொடை முடிஞ்சு வாரேன். பின்கதவைச் சாத்தி வைங்க, ருசி கண்டுட்டு அது திரும்ப வரும்."

வாசப்படி இறங்கும்போது இன்னொண்ணும் சொன்னா.

"இனிமே இந்த வீட்டுல உப்புமா நீங்கதான் கிண்டணும். என்னோடதுதான் கட்டி தட்டுதே."

பரீட்சையில பாஸாயிட்டேன் மக்களே. ஆயுசுக்கும் வேலையும் கிடைச்சிட்டு.