தயிர்ச் சட்டியோடு விமானம் ஏறியவன்

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். அங்கே அவனுக்கு முதலில் வளர்வது வயிறு, மரியாதை பிறகுதான். எனக்கு வயிறு நன்றாகவே வளர்ந்திருந்தது. மரியாதையையும் ஒரே நாளில் வளர்த்துவிடலாம் என்று நம்பித்தான் விமானம் ஏறப் போனேன்.

மனைவியின் தம்பி றிஸ்வான் தந்த கல்யாணப் பரிசு அது: ஒரு பறப்புப் பள்ளியில் அறிமுகப் பறப்பு. பயிற்றுநருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் சொல்லும்போது கொஞ்ச நேரம் நாமும் சுக்கானைப் பிடிக்கலாம். (நான் ஊரில் சொன்னது, "பிளேன் ஓட்டப் போறன்.") கடலோரமாக நிந்தவூர் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. மாமி சொந்தபந்தம் எல்லாரையும் கடற்கரைக்கு வரச் சொல்லிவிட்டார்.

புறப்படும்போது ஒரு சின்ன மண்சட்டியில் எருமைத் தயிர் தந்தார். "வெறுங்கையோட போகாதீங்க மனே. அந்த ஓட்டுறவருக்கு உங்கட கையால குடுங்க. வேற ஆக்கள்ட்டக் குடுத்துட்டு வந்திராதீங்க."

பயிற்றுநர் பாண்டிருப்புக்காரர், எல்லாரும் கெப்டன் என்றார்கள். முதலில் என்னைத் தராசில் ஏற்றினார். (மாமியின் சமையல் அங்கே அம்பலமானது.) பிறகு விதிகளைச் சொன்னார்.

"கையில, மடியில, பொக்கற்றுக்குள்ள ஒண்டும் இருக்கப்படாது. ஒரு சாமான் உருண்டு பெடலுக்குக் கீழ போனா, என்னால பிளேனத் திருப்ப ஏலாது. விளங்கிச்சா தம்பி?"

"ஓம் சேர்." பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கல்முனைக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் வெறும் சம்பிரதாயமாகத்தான் தெரிந்தது.

தயிரைக் கண்டு சிரித்தார். "அத ஒபிஸ்ல வைங்க, வந்து எடுப்பம்."

ஒபிசில் இருந்தவர்கள் சட்டியைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது வெறும் சட்டி இருந்தால் மாமிக்கு என்ன பதில் சொல்வது? கெப்டன் விமானத்தைச் சுற்றிவந்து பரிசோதித்துக்கொண்டிருந்த நேரம், சட்டியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். இருந்த வயிற்றோடு ஒரு சட்டி கூடியதை யாரும் கவனிக்கவில்லை. இறங்கியதும் கையிலேயே கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

ஏறி இருந்தேன். கெப்டன் என் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "லூசாக் கிடக்கு" என்று பிடித்து ஓர் இழுவை இழுத்தார்.

சட்டைக்குள் 'படக்' என்றது.

அவர் நடுங்கிப்போனார். "தம்பி, எலும்பா?"

"இல்ல சேர்... தயிர்."

வெள்ளையாக ஒழுகி இருக்கை நனைந்தது. அவர் பதறி பெல்ட்டைக் கழற்ற, ஓட்டுத் துண்டு ஒன்று என் சட்டைக்குள்ளிருந்து விழுந்து, வேறு இடமே இல்லாததுபோல் பெடலுக்குக் கீழே போய் நின்றது. அவர் குனிந்து அதை எடுத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் வீட்ட சின்னப் பிள்ளைகள் இருக்கு தம்பி. இண்டைக்குப் பறக்கல்ல, இறங்குங்க."

மருமகன் என்ற பெருமைக்காக இன்னொருவருடைய உயிரை மடியில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். தயிர் சொட்டும் சத்தம்தான் கேட்டது. என்னைக் கூட்டிவந்து வேலிக்கு அப்பால் நின்ற றிஸ்வான் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒபிசில் விட்டிருந்த போனைத் திரும்ப எடுத்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து மாமி அழைத்தார். "வெயில் ஏறுது மனே, எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறம். இப்ப எங்க, மேலயா?"

"கீழதான் மாமி."

"தயிரக் குடுத்தீங்களா?"

அதற்கு றிஸ்வானின் படம் பதில் சொன்னது. அடுத்த நாள் மாமி கெப்டனுக்குப் பெரிய சட்டியாக ஒன்று அனுப்பினார். என் கையில் அல்ல, றிஸ்வானின் கையில்.

இப்போது குடும்பத்தோடு எங்கே புறப்பட்டாலும் எல்லாருடைய பெல்ட்டையும் நான்தான் இழுத்துப் பார்க்கிறேன். கடைசியாக என்னுடையதை இறுக்கும்போது வேனுக்குள் பேச்சு நின்றுவிடும். சிறுசுகள்கூட மூச்சை அடக்கிக் காதுகொடுத்துக் கேட்கும். பின்சீட்டிலிருந்து மாமியின் குரல் வரும்:

"ஒண்டும் உடையல்ல. வண்டிய எடுங்க."