லிஃப்டில் ஏறாத கிரேன் அண்ணாச்சி

தூத்துக்குடியில் உள்ள அத்தனை லிஃப்டுகளும் ஒரே நாளில் நின்றுபோனாலும், கிரேன் அண்ணாச்சி ஒருவர் எனக்குக் கொடுத்த தொல்லைக்கு ஈடாகாது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காம் மாடி. நான் மூன்றாம் மாடி. என் போதாத காலம், சங்கச் செயலாளரும் நான்தான். வீட்டு வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் வெளியிலிருந்து வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. பலகையை எழுதி மாட்டியவன் நான்.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி லிஃப்டை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். துறைமுகத்தில் சேர்ந்து சரக்கு இறக்குகிற ஒரு கேங்கில் ஒருத்தனுக்கு டீ வரவில்லை என்றால் மற்றவர்களும் கிளாஸைத் தொட மாட்டார்களாம். இந்தக் கட்டடத்தில் ஏறி இறங்குகிற எல்லோரும் ஒரே கேங்காம். யாரைக் கேட்டு என்னை அதில் சேர்த்தார் என்று தெரியவில்லை.

அவருக்கோ மூட்டுவலி. மூன்று மாடி ஏறியதும் மூச்சு வாங்கும், அதுவும் சரியாக என் வீட்டு வாசலில். முதல் நாள் தண்ணீர் கேட்டார். இரண்டாம் நாள் நாற்காலி கேட்டார். ஒரு வாரத்தில் நாற்காலி அங்கேயே குடியேறிவிட்டது. பிறகு தண்ணீர் கேன் போடுகிறவர், துணி தேய்க்கிறவர், நாலு வீட்டில் வேலை பார்க்கிற மேரியக்கா என்று எல்லோரும் அங்கேயே இளைப்பாற ஆரம்பித்தார்கள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மக்ரூன் டப்பா வாசலிலேயே காலியானது. ஆபீஸ் விட்டு வந்தால், சொந்த வீட்டுக்குள் நுழைய நான் வழி கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. இது வசதியான காலம், மேரியக்கா வீட்டிலும் வாஷிங் மெஷின் ஓடுகிறது, கையில் நல்ல போன், மகனுக்குச் சாகுபுரம் கெமிக்கல் ஃபேக்டரியில் வேலை, இங்கே யார் பட்டினி கிடக்கிறார்கள், ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று பொரிந்து தள்ளினேன்.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "பசியப் பத்தி நான் எங்கவே பேசுனேன்? படியப் பத்தில்லா பேசுதேன்," என்றார்.



அப்போதுதான் மேரியக்கா இந்த மாதத்தோடு வேலையை விடப் போவதாகச் சொன்னார். மூட்டு தேய்ந்துவிட்டது, மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேறு இடத்தில் புதிதாக வேலை தேடுகிற வயதும் இல்லை. மெதுவாக ஏறுங்களேன் என்று ஏதோ சமாதானம் சொல்லிவைத்தேன்.

"ஏறிப் பழகிட்டு சார். ஆனா ஆளே இல்லாம லிஃப்டு நம்மளத் தாண்டி மேல போவும் பாருங்க, அதப் பாத்துக்கிட்டே ஏறுததுதான் முடியல."

அண்ணாச்சி எழுந்து நாற்காலியை மேரியக்கா பக்கம் நகர்த்தினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில், பலகையை எடுத்துவிடுவோம் என்று நானே எழுந்து சொன்னேன். மின்கட்டணம், சுத்தம், கௌரவம் என்று ஆளாளுக்குக் காய்ச்சி எடுத்தார்கள். உப்புக்காற்றில் லிஃப்ட் ஏற்கனவே துருப்பிடிக்கிறது, கூட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்றார் பொருளாளர். எனக்கு ஆதரவாக அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், மனுஷர் பின்வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்னபோது யாரோ எழுப்பிவிட, தூக்கினார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

மேரியக்கா வேலையை விடவில்லை. இப்போது லிஃப்டில்தான் வருகிறார். அண்ணாச்சியும் அப்படியே. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னாரா? கிடையாது. என் மாடியில் நிற்காமல் நேரே மேலே போய்விடுகிறார். நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலமானால் அந்த மனுஷரைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மாடிதானே என்று நானே ஏறிப் போய்விடுகிறேன்.