வால் மேடமும் மண்ணச்சநல்லூர் அரிசியும்

திருச்சியில் யார் எந்த லிங்க்கை எங்கிருந்து தட்டினார்கள் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள். இன்னொருவர், அதே ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து தென்னூருக்கு வேலைக்கு வந்த வால் மேடம். பெருமாளாவது கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். மேடம் கண் அசந்து நான் பார்த்ததில்லை.

வால் என்றதும் சேட்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதைவிட விறைப்பான முகம். பெயர் தொழிலால் வந்தது. ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் கம்பெனி, கடைக்காரர்களுக்கு இணையத்தில் விளம்பரம் செய்துகொடுக்கும். நான் வாசகம் எழுதுகிறவன். நாங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு லிங்க்கின் முடிவிலும் மேடம் ஒரு கேள்விக்குறி போட்டு, சில சொற்களைச் சேர்ப்பார். இது ஃபேஸ்புக்கில் போனது, இது வாட்ஸ்அப்பில் போனது, இது பொங்கல் விளம்பரம் என்று. அதுதான் வால். யாராவது அந்த லிங்க்கைத் தட்டிக் கடைக்குள் நுழைந்தால், எந்த வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பது மேடத்தின் திரையில் தெரிந்துவிடும்.

வாலில்லாமல் ஒரு லிங்க் வெளியே போவது அவரைப் பொறுத்தவரை கொலைக்குற்றம். வால் தப்பாக இருந்தால் அதைவிடப் பெரிய குற்றம். ஒருமுறை அவருக்குப் பதிலாக வால் ஒட்டிய நான், ஃபேஸ்புக் என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஆரம்பித்துவிட்டேன். மற்ற இடங்களில் எல்லாம் சின்ன எழுத்து. மெஷின் அதை இரண்டு வேறு இடமாக எடுத்துக்கொண்டது. மேடம் நாற்காலியைத் திருப்பினார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்திருக்கீங்க!”

நான் அவசரமாகத் திருத்தினேன். இன்றும் பெரிய எழுத்தைக் கண்டால் கை ஒரு கணம் நிற்கும்.

ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல்வலி என்று புது டாக்டரிடம் போனவர், வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னாராம்: “டாக்டர், நான் உங்க போர்டைப் பாத்து வரலை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வந்தேன். போர்டு செலவைக் கொறச்சுக்கலாம்.” டாக்டர் எந்தப் பல்லைப் பிடுங்கினாரோ தெரியாது.

எல்லாவற்றுக்கும் சிகரம் அவருடைய தம்பி கல்யாணம். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் லிங்க்காகத்தான் அனுப்பினார். சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வால். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை அவருடைய சித்தப்பா. மேடம் விசாரிக்க வந்ததும் அவர் உருகினார்.

“பத்திரிகை பிரமாதம்மா! திரும்பத் திரும்பப் படிச்சேன்.”

“நீங்க அதை இன்னும் திறக்கவே இல்லையே சித்தப்பா.”

சித்தப்பாவின் கையில் இருந்த அப்பளம் அப்படியே நின்றது. “அது... நெட்டு சரியா கிடைக்கல...”

“பின்ன எப்படி மண்டபத்துக்கு வந்தீங்க?”

“உங்க சித்திதான் இழுத்துட்டு வந்தா.”

“சரி. அப்ப சித்தி வழியா வந்திருக்கீங்க,” என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். சித்தப்பா அப்பளத்தை இலையில் போட்டுவிட்டு இடது கையால் போனைத் தேடினார். எனக்கு மட்டும் ஏதோ அவதாரத்தை நேரில் பார்த்தது போல மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பொங்கல் சமயத்தில்தான் மண்ணச்சநல்லூரிலிருந்து ஓர் அரிசி மில்காரர் எங்களைத் தேடி வந்தார். பொன்னி அரிசியைப் பையில் போட்டு இணையத்தில் விற்க வேண்டும். மேடம் ஒரு யோசனை சொன்னார். ஒரு பிரபல ரீல்ஸ் பெண்ணை வயல் நடுவே ஆடவிட்டு வீடியோ எடுப்பது. பாஸுடன் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினார். பாஸுக்கு அது பிடித்தும் போயிற்று. கூடவே எனக்கும் ஒரு செய்தி சொன்னார்.

“இந்தக் காலத்துல யாருங்க படிக்கறாங்க? எல்லாம் வீடியோதான். பொங்கல் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்கங்க.”

போகிற போக்கில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போவோம் என்று, வாட்ஸ்அப்புக்கு நாலு வரி எழுதினேன். இலக்கியமெல்லாம் இல்லை. புது அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு, பழைய அரிசிக்கு எவ்வளவு, சோறு ஏன் குழைகிறது, அவ்வளவுதான். மேடம் வழக்கம்போல அதன் அடியில் கடை லிங்க்கைப் போட்டு, அதற்கும் ஒரு வால் ஒட்டி அனுப்பினார்.

ரீல் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆர்டரும் கொட்டியது. மில்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து இறங்கினார். பாஸ் பெரிய டிவியில் ரீலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். இன்னும் பல ரீல்களுக்கு ஒப்பந்தம் தயாராக மேஜைமேல் இருந்தது.

“மேடம், உங்க ரீலு பட்டையக் கெளப்பிடுச்சுங்க!” என்றார் மில்காரர், பேனாவை எடுத்துக்கொண்டே.

மேடம் சும்மா சிரித்திருந்தால் போதும். எழுந்து நின்றார்.

“ரீலை நெறயப் பேரு பாத்தாங்க. பாத்துட்டு அடுத்த ரீலுக்குப் போயிட்டாங்க. அரிசி வாங்கினவங்க அந்த வழியா வரலை.”

“மேடம் தமாஷ் பண்றாங்க,” என்றார் பாஸ்.

“என் காலை மிதிக்காதீங்க பாஸ், வலிக்குது,” என்றார் மேடம். பிறகு மில்காரரைப் பார்த்து, “ரீல் என்னோட யோசனைதான். சண்டை போட்டு வாங்கினேன். வேலைக்கு ஆகலை. உங்க ஆர்டரெல்லாம் இவர் எழுதின நாலு வரியில இருந்து வந்திருக்கு,” என்று என்னைக் காட்டினார்.

மில்காரர் அந்த நாலு வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அட, எங்க வீட்டம்மா தெனமும் கேக்கற சந்தேகங்க இது!” பேனாவை மூடிப் பையில் வைத்தார். “ரீலு இருக்கட்டும். இந்த மாதிரி இன்னும் எழுதிக் குடுங்க.”

ரீல் ஒப்பந்தம் போய், கம்பெனிக்கு இந்தச் சின்ன எழுத்து வேலைதான் கிடைத்தது. பாஸ் வெகுநாள் மேடத்தோடு பேசவில்லை. மேடம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் வேலை தப்பியது.

அன்று மாலை, கீழே பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, “ரொம்ப நன்றி மேடம்” என்று மட்டும் வந்தது.

“எனக்கு எதுக்கு நன்றி? உங்களுக்காகவா சொன்னேன்? நடந்ததைச் சொன்னேன்.” டீயை ஒரு வாய் குடித்தார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “நானும் அன்னிக்கு நீங்க எழுதின மாதிரிதான் தண்ணி வெச்சேன். சோறு உதிரி உதிரியா நல்லா வந்துச்சு. வரட்டுங்களா?”

இப்போது அவர் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே தனியாகத் தொழில் செய்கிறார். நானும் அந்தக் கம்பெனியை விட்டு இப்படிப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதை எழுதினாலும் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன். சற்று நேரம் கழித்து “படிச்சேன்” என்று ஒரு சொல் வரும். நன்றாயிருக்கிறது என்று இதுவரை சொன்னதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் நான் சாப்பிட உட்காருகிறேன்.