கூட்டாத மாடி

மொட்டைமாடி பளபளவென்றிருந்தது. வினோத்குமாருக்கு அழுகை வந்தது.

"காலையிலயே கழுவிட்டோம் சார். நீங்க வாரீகன்னு தாஜுன்னிசா லாத்தா நேத்தே போன்ல சொல்லிட்டாக" என்றார் சீனி முகம்மது, பெருமையாக.

"பாய், எனக்கு அழுக்குதான் வேணும்னு சொன்னேனே!"

"அது நீங்க தன்மையாச் சொல்றது. வந்த மனுசன அழுக்குல நிக்க வைப்பமா? டீ சாப்பிடுங்க."

குடித்தான். புதுமடத்தில் தூசி கிடைக்காவிட்டாலும் டீ கிடைத்தது.

அவன் ஆராய்ச்சி, வானத்திலிருந்து விழும் தூசியைப் பற்றியது. வால்மீன்கள் உதிர்ப்பதும், சிறுகோள்கள் மோதி நொறுங்குவதும் இரும்பு கலந்த பொடி உருண்டைகளாகப் பூமியெங்கும் விழுந்துகொண்டே இருக்கின்றன. வருடக்கணக்கில் கூட்டாத மாடியில் காந்தத்தை வைத்துத் தேடினால் ஒன்றிரண்டு அகப்படும். மழைக்கு முன் ஒரு பொட்டலமாவது கொண்டுவராவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். திட்டக்கூடத் தெம்பில்லாத குரலில் சொன்னார் என்பதுதான் பயமாக இருந்தது.

ஒரே ஆறுதல், தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தாஜுன்னிசா. முட்டுவலியோடு சோறு ஆக்கிப் போடுவார். தினமும் ஒரு வீடு சொல்லி அனுப்புவார். முதல் நாளே அவன் அவர் வீட்டு மாடியைத்தான் கேட்டான்.

"எங்க மாடியா? அதத் தெனமும் கூட்டிருவமே தம்பி! நீங்க சீனி முகம்மது வீட்டுக்குப் போங்க."

அங்கே போய்த்தான் இந்த டீ. இனி ஏமாறக் கூடாது என்று, கழுவாத மாடிக்கு மட்டுமே வருவேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தான்.

மறுநாள் போன வீட்டில் நஸீரா வாசலிலேயே மறித்தார். "பொண்ணு பாக்க வாராக சார். நீங்க எங்க மாடியில ஏறுனா, இது கூட்டாத வீடுன்னு ஊரே முடிவு பண்ணிரும். கோவிச்சுக்காதீக."

அழுக்கு என்று சொன்னதுதான் தப்பு என்று அவனுக்குப் புரிந்தது. அன்று முதல், "காந்தத்துல ஒட்டுற பொடி, வானத்துச் சரக்கு" என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கினான். ஊருக்கே அவன்மேல் பரிதாபம் வந்தது.

கடைசியாக, ஹமீது சுல்தானின் பூட்டிக் கிடந்த வீடு. துபாய்க்குப் போன் போட்டு அனுமதி வாங்கி, தாஜுன்னிசாவிடம்கூடச் சொல்லாமல், வெளிப்படிவழியே மாடி ஏறினான். யாரும் கழுவியிருக்கவில்லை. காந்தத்தை வைத்தான், தாடிபோலக் கருகருவென்று ஒட்டியது. சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒட்டுதா சார்?" கீழிருந்து வெல்டிங் பட்டறைத் தவ்ஃபீக் கத்தினான். "ஹமீது காக்கா நீங்க வாரதச் சொன்னாக. பாவம், அலையுறீகளேன்னு பட்டறை இரும்புப் பொடி ஒரு மூட்டை கொட்டி வச்சேன்!"

வினோத்குமாருக்குக் கோபப்படவும் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கினான்.

அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினான். ஜன்னலுக்கு வெளியே, மாடிக் குழாயிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"மழை வந்துருச்சாம்மா? இந்த ஊர்ல கூட்டாத மாடி ஒண்ணுகூட இல்லாமப் போச்சே" என்றான்.

வாசலுக்கு வந்த தாஜுன்னிசா குரலைத் தாழ்த்தினார்.

"மழையில்ல தம்பி. முட்டுவலி வந்ததுலருந்து நான் மாடிப்பக்கமே போகல, வருசக்கணக்காக் குப்பை. உங்க கண்ணுல பட்டா மானம் போயிருமேன்னுதான் தெனமும் உங்கள வேற வேற வீட்டுக்கு அனுப்புனேன். இப்பத்தான் ஆள விட்டுச் சுத்தமாக் கழுவுறேன், ஏறிப் பாத்துட்டே போங்க!"