டெஸ்ஸாவின் நிரந்தர வீடு

இந்த வருஷம் என் மகள் டெஸ்ஸாவின் மாநில வருமான வரி விஷயத்தை நானே ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தேன். காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும்.

நாங்கள் நெப்ராஸ்காக்காரர்கள். நான்கு தலைமுறையாகச் சோளம் போடுகிற குடும்பம். இவள் படிக்கப் போனதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், அயோவாவில். நவம்பரில் நன்றி நாள் பண்டிகைக்கு மறுநாள் கால்பந்தில் எங்களைக் கதறவிடுகிற அதே அயோவா. அதையே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். அங்கே கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவிச் சம்பாதிக்கிறாள். அதற்கு வரிக்கணக்கு காட்ட வேண்டும். படிவத்தில் நிரந்தர வீடு எங்கே என்று ஒரு கட்டம். அதில் அயோவா என்று போடட்டுமா என்று அம்மாவைக் கேட்டாளாம். சாப்பிடும்போது என் மனைவி ரோண்டா சொன்னாள்.

"என்னது, அயோவாவா? என் பொண்ணா?"

"கத்தாத டுவைன். இனிப்பு சினமன் ரோலை சில்லிக் கறிக் குழம்புல தொட்டுச் சாப்பிடு, ஆறுது."

"தொண்டையில இறங்குமா? படிக்கப் போனா ஊர் மாறிடுமா? அங்க வெளிமாநிலத்துக்காரின்னு ஒரு படிவம், இங்க சொந்த ஊர்க்காரின்னு ஒரு படிவம். அதான் சட்டம்."

"சட்டம் தெரியுது. ஆனா திரும்பி வர்ற எண்ணம் அவளுக்கு இருக்கணுமாமே. இங்க அவளுக்குன்னு ஒரு இடமும் இருக்கணும்ல?"

"இவ்வளவு பெரிய வீடு இருக்கே."

"அவ அறை?"

நான் தட்டைப் பார்த்தேன். டெஸ்ஸா கிளம்பிய அதே வாரம் அவள் அறைக்குள் நான் குடிபோயிருந்தேன். சுவர் நிறைய டிவி, இரண்டு சாய்வு நாற்காலி, பீருக்கென்று ஒரு குட்டி ஃபிரிட்ஜ், நான் சுட்ட மூன்று மான்களின் தலை.

"வரி ஆபீஸ்காரன் வந்து பார்த்தா, இங்க மான்தான் குடியிருக்குன்னு எழுதிட்டுப் போவான்."

"எவனும் வரமாட்டான்."

"சரி, வரமாட்டான். கிறிஸ்துமஸுக்கு டெஸ்ஸா வந்தாளே, எங்க படுத்தா?"

"சோபாவுல."

"சோபாவுல படுத்துட்டுப் போன பொண்ணு, நிரந்தர வீடுன்னு எதைய்யா போடுவா?"

கோபம் முழுக்க அயோவா மேல்தான். ஆனால் அடியில் பயமும் இருந்தது. அவள் உண்மையிலேயே திரும்பி வராமல் போய்விட்டால்?

சனிக்கிழமை முழுக்கச் சுமந்தேன். டிவி, நாற்காலி, ஃபிரிட்ஜ் எல்லாம் கார் ஷெட்டுக்குப் போயின. ஒரு மான் போகிற போக்கில் என் காதைக் கிழித்தது. சுவருக்கு அவளுக்குப் பிடித்த ஊதா அடித்தேன். ரோண்டா வாசலில் நின்று, "மூலையில விட்டுட்ட பாரு" என்று உதவி செய்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"டெஸ்ஸா, உன் அறையை உனக்கே விட்டுட்டேன். அந்தக் கட்டத்துல நெப்ராஸ்கான்னு போடுடி, செல்லம்."

"என்னப்பா சொல்ற? ரெண்டு மாநிலத்துக்கும் பிப்ரவரியிலயே அனுப்பிட்டேனே. நிரந்தர வீடு நெப்ராஸ்காதான். வேற எதைப் போடுவேன்?"

"அப்புறம் எதுக்கு அம்மாகிட்ட கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்?"

அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற மெஷின். அதைப் பொருத்த ஒரு இரும்புச் சட்டகம், பன்னிரண்டு அடி நீளம். ரோண்டா அதன் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்த அறைக்குள்ள அவ கட்டிலும் இதுவும் தாராளமா அடங்கும், போன மாசமே அளந்துட்டேன்" என்றாள். "என்னய்யா பார்த்துட்டு நிக்கிற, அந்த முனையைப் பிடி."

பிடித்தேன்.